பக்கத்தில் எத்தனை நாள் ஆள் நிற்கும்

குழு: எங்கள் வீட்டார்

வெள்ளிக்கிழமை

நான், மாலை 6.04
எல்லோருக்கும் வணக்கம். ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, ஒரு முடிவெடுக்க உங்கள் உதவியைக் கேட்கப் போகிறேன். நேர்ஸாகப் பதிவு செய்வதற்கான ரெக்ஸ்-பி.என். பரீட்சையில் நான் சித்தியடைந்துவிட்டேன். ஒன்ராறியோ தாதியர் சபையின் பொதுப் பதிவேட்டில் இன்று காலை என் பெயர் வந்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு முடிந்து, பொலிஸ் சான்றிதழ், சட்டத் தேர்வு, பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, இன்று முதல்தான் சட்டப்படி என்னை ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) என்று சொல்லிக்கொள்ள முடியும்.

நான், மாலை 6.07
பரீட்சை நாளன்று நான் ஏன் யாரோடும் பேசவில்லை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. அந்தப் பரீட்சையில் 90 கேள்விகளுக்குக் குறையாமலும் 150க்கு மேற்படாமலும் வரும். நாம் சரியாக எழுத எழுதக் கணினி கடினமான கேள்வியாகத் தரும். நம்முடைய தரம் இதுதான் என்று அதற்கு உறுதியானதும் நிறுத்திவிடும். எனக்கு 90ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டது. மிக நன்றாகச் செய்தவருக்கும் அங்கேதான் நிற்கும், மிக மோசமாகச் செய்தவருக்கும் அங்கேதான் நிற்கும். இதில் நான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பஸ்ஸில் அழுதபடியே வீட்டுக்கு வந்தேன்.

பெரியம்மா, மாலை 6.15
என் செல்லப் பிள்ளை, மிகுந்த சந்தோஷம். எனக்குப் பின் இந்த வீட்டில் இரண்டு நேர்ஸ்மார் வந்துவிட்டீர்கள். உன் அம்மம்மா இருந்திருந்தால் இன்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பா.

சின்ன மாமா (சறே), மாலை 6.31
வாழ்த்துகள் மருமகள். ஆனால் எனக்கு ஒரு குழப்பம். இங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆர்.பி.என். என்றால் மனநல நேர்ஸ். நீ படித்தது வேறு என்றல்லவா உன் அம்மா சொன்னா? எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போன வருடம் நீ சொல்லும் இதே ரெக்ஸ்-பி.என். பரீட்சையைத்தான் எழுதினா, ஆனால் அவ தன்னை எல்.பி.என். என்கிறா.

அக்கா (பெரியம்மாவின் மகள், எஜாக்ஸ்), மாலை 6.48
மாமா, இரண்டும் ஒரே தொழில்தான். கனடாவின் மற்ற மாகாணங்களிலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் எல்.பி.என். என்று அழைக்கப்படுகிறவரை ஒன்ராறியோவில் ஆர்.பி.என். என்கிறோம். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவிலும் உங்கள் மாகாணத்திலும் நுழைவுப் பரீட்சையும் ஒன்றே. நான் எழுதிய காலத்தில் வேறு பரீட்சை இருந்தது. பட்டப்படிப்பு முடித்த ஆர்.என்.மாரும் (பதிவுபெற்ற தாதியரும்) நாங்களும் ஒரே அடிப்படை அறிவைத்தான் படிக்கிறோம். அவர்கள் அதை அதிக ஆழமாகப் படிப்பதால், நிலைமை சிக்கலாகவும் திடீரென்று மாறக்கூடியதாகவும் இருக்கும் நோயாளிகளின் பொறுப்பு அவர்களிடம் போகும்.

தங்கச்சி, உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. என்ன முடிவெடுக்க வேண்டும் என்று எழுது.

நான், மாலை 7.02
கடந்த இரண்டு மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தேன். பாதி இடங்களில் ஒரு வருட அனுபவம் வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். இப்போது மூன்று வாய்ப்புகள் கையில் இருக்கின்றன. ஒன்று, ஒரு வைத்தியசாலையில் நிரந்தரமில்லாத வேலை. கூப்பிடும்போது போக வேண்டும், இத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டாவது, இங்கே ஸ்காபரோவில் உள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பகுதிநேரப் பின்னேர வேலை. மூன்றாவது, ஆள் குறையும் இடங்களுக்கு நேர்ஸ்மாரை அனுப்பும் ஒரு ஏஜென்சி. அவர்கள் மற்ற இடங்களைவிட மணித்தியாலத்துக்கு எட்டு டொலர் கூடத் தருவதாகவும், அடுத்த வாரமே இரவு வேலைக்கு அனுப்புவதாகவும் சொல்கிறார்கள். என்னோடு படித்த இருவர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். படிப்புக் கடனை நினைத்தால் எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் போகிறது.

அக்கா (எஜாக்ஸ்), இரவு 8.20
பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஆறுதலாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாக வாசி.

ஏஜென்சியை இப்போதைக்கு விட்டுவிடு. ஐந்தாறு வருடம் பழகியவருக்கு அது நல்ல வேலையாக இருக்கலாம். உனக்கு இப்போது அது ஆபத்து. ஒவ்வொரு இரவும் புதிய கட்டடத்துக்குள் நுழைந்து, மருந்து வண்டியின் திறப்பைக் கையில் வாங்கி, முகம் தெரியாத முப்பது பேருக்குத் தனியாகப் பொறுப்பேற்க வேண்டும். அங்கே உனக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது, ஏனென்றால் சொல்லித்தர வேண்டியவர் வராததால்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள்.

என் முதல் மாதத்தில் நடந்ததை இதுவரை இந்தக் குழுவில் நான் சொன்னதில்லை. பின்னேரம் ஐந்து மணி, சாப்பாட்டு மண்டபம். ஒரே மேசையில் ஒரே குடும்பப் பெயருடைய இரண்டு முதிய பெண்மணிகள் இருந்தார்கள். மாத்திரையைப் பொடித்து அப்பிள் கூழில் கலந்து எடுத்துக்கொண்டு போய், ஒருவருடைய பெயரைச் சொல்லி “நீங்கள்தானே?” என்று கேட்டேன். அவர் சிரித்தபடி ஓம் என்று தலையாட்டினார். மறதி நோய் உள்ளவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டக்கூடும், அதனால் பெயரைச் சொல்லிக் கேட்காதே, பெயரை அவரையே சொல்ல விடு, முடியாதவருக்குப் பதிவில் உள்ள அவருடைய படத்தைப் பார் என்று வகுப்பில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். முப்பது பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் அந்த அவசரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. கரண்டி அவருடைய வாய்க்கு அருகில் போகும்போது, எனக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த நேர்ஸ் என் முழங்கையைத் தொட்டு, “திரையில் படத்தை ஒருமுறை பார்” என்றார். கிண்ணத்தில் இருந்தது மற்றவருடைய இரத்த அழுத்த மருந்து. இவருக்கோ அன்று காலையிலிருந்தே அழுத்தம் குறைவாக இருந்தது.

அந்தக் கை அன்று அங்கே இருந்ததற்குக் காரணம், அந்த இல்லத்தில் புதியவருக்குப் பத்து ஷிப்ட் வரை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்பதுதான். அதனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேள். எத்தனை ஷிப்ட் என் பக்கத்தில் ஒருவர் நிற்பார்? அந்த நாட்களில் அவருக்கு வேறு வேலை இருக்குமா, அல்லது எனக்காகவே நிற்பாரா? இரவில் ஒருவருடைய நிலைமை மாறினால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எந்த மாடியில் இருப்பார்? ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் 24 மணித்தியாலமும் குறைந்தது ஓர் ஆர்.என். கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மூன்று மாடிக்கு அவர் ஒருவரே என்றால் அதையும் நீ தெரிந்துகொண்டே போக வேண்டும்.

புதிதாகப் படித்து முடித்த நேர்ஸ்மாருக்காக 2007 முதல் மாகாண அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. புதியவரை முதலில் கூடுதல் ஆளாக வைத்துப் பழக்குவதற்கு வேலை தருபவருக்கு அரசு பணம் கொடுக்கும். அந்த இரண்டு இடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் விசாரி.

நான், இரவு 8.41
அக்கா, இவற்றையெல்லாம் கேட்டால் தைரியமில்லாதவள் என்று நினைத்து வேலையையே தராமல் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா (எஜாக்ஸ்), இரவு 8.44
இப்போது எங்கள் இல்லத்தில் புதியவர்களை நேர்முகம் காணும்போது நானும் உட்காருகிறேன். இந்தக் கேள்விகளைக் கேட்கிற பிள்ளையைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். எதையும் கேட்காமல் எல்லாம் தெரியும் என்கிறவரிடம் மருந்து வண்டியைக் கொடுக்க எனக்குப் பயம்.

பெரியம்மா, இரவு 8.58
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நான் பயிற்சி எடுத்தபோது, மருந்தின் பெயரை மூன்று முறை வாசிக்கப் பழக்கினார்கள். அலுமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, ஊசியில் எடுக்கும்போது ஒருமுறை, போத்தலைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை. மின்சாரம் இல்லாத இரவுகளில் அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறோம். களைத்துப்போய் இரண்டு முறையோடு நிறுத்தியதை மேற்றன் கண்டுவிட்டால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வா. அப்போது கோபமாக இருக்கும். நாற்பது வருடம் கழித்தும் வீட்டில் பனடோல் எடுக்கும்போதுகூட நான் மூன்று முறை வாசிக்கிறேன்.

அக்கா (எஜாக்ஸ்), இரவு 9.03
அம்மா, இங்கேயும் அதே மூன்று முறைதான். இப்போது திரையோடு ஒப்பிட்டு வாசிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்ன மாமா (சறே), இரவு 9.10
வைத்தியசாலை வேலையை விடுவது சரியா? முதியோர் இல்லத்தில் தொடங்கினால் கற்றதெல்லாம் மறந்துபோகும் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள்.

அக்கா (எஜாக்ஸ்), இரவு 9.22
மாமா, அந்தப் பேச்சைக் கேட்டு நானும் ஒரு காலத்தில் கவலைப்பட்டேன். வைத்தியசாலையில் அவசர நிலைமைகளைக் கையாளவும் புதிய கருவிகளைப் பழகவும் முடியும், அதை மறுக்கவில்லை. ஆனால் இல்லத்தில் ஒரே பின்னேரத்தில் எட்டுப் பேருக்கு இரத்தச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும். ஒருவருக்கு லீற்றருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே வந்தால் இன்சுலினை நிறுத்தி வைத்து, 15 கிராம் சீனி உள்ள பானம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதே நேரத்தில் அடுத்த அறையில் ஒருவர் விழுந்திருப்பார், இன்னொருவருடைய மகன் தொலைபேசியில் காத்திருப்பார். எது முதலில் என்று தீர்மானிப்பதை அங்கேதான் நான் கற்றேன். அதோடு ஒரே மனிதரை மாதக்கணக்கில் பார்ப்பதால், இன்று அவர் வழமைபோல இல்லை என்பது வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

தங்கச்சிக்கு இன்னொன்று. ஸ்காபரோவில் தமிழ் பேசும் முதியவர்கள் இல்லாத இல்லம் குறைவு. மறதி நோய் கூடக்கூடப் பலருக்குப் பிந்திக் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடும், தாய்மொழி மிஞ்சும். நோகிறது என்று ஒருவர் தமிழில் சொல்வதை விளங்கிக்கொள்ளும் நேர்ஸ் ஒருத்தி அந்த மாடியில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நீ போன பிறகு காண்பாய்.

அம்மா, இரவு 10.52
இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். மகள், நீ எந்த இடத்தை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். எனக்கு உன்னிடம் சொல்ல ஒரு விடயம் இருக்கிறது. நேரில் சொன்னால் அழுகை வரும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பதினான்கு வருடமாக பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) வேலை செய்கிறேன். நீ பொறுப்பு நேர்ஸாக நிற்கப்போகும் மாடியில் என் வயதில், என்னைப்போல முழங்கால் நோவோடு, நான்கு பேர் உன் சொல்லைக் கேட்டு வேலை செய்வார்கள். குளிக்க வார்ப்பதும், உடுப்பு மாற்றுவதும், படுக்கையில் திருப்பிப் போடுவதும் நாங்கள். அதனால் தோலில் ஏதாவது தொடங்கினால் முதலில் காண்பதும் நாங்கள்தான். குதிக்காலில் அல்லது நாரிக்குக் கீழே ஓரிடம் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளிறாமல் அப்படியே இருந்தால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். எங்களைப்போன்ற கருமையான தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது. கைவைத்துப் பார்த்தால் அந்த இடம் சூடாகவோ தடிப்பாகவோ இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நான் அப்படி ஒன்றைக் கண்டு சொன்னேன். அன்று வேலையில் இருந்த இளம் நேர்ஸ் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், பிறகு பார்க்கிறேன் என்றா. மூன்றாம் நாள் அது திறந்த புண்ணாகிவிட்டது. அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை, வேலை கூட. ஆனால் அந்த ஐயா பட்ட வேதனையை நான்தான் ஒவ்வொரு நாளும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஷிப்ட் தொடங்கியதும் அந்த நான்கு பேரிடமும் போய், இன்று யாரிடமாவது வித்தியாசமாக ஏதாவது கண்டீர்களா என்று நீயாகக் கேள். சொன்னால் எழுந்து போய்ப் பார்.

நான், இரவு 11.06
கேட்பேன் அம்மா. எழுந்து போய்ப் பார்ப்பேன்.

பெரியம்மா, இரவு 11.09
தங்கச்சி, நீ சொன்னதை எந்தக் கல்லூரியிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை

நான், பிற்பகல் 2.17
இரண்டு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். வைத்தியசாலையில் மூன்று ஷிப்ட் பக்கத்தில் ஆள் தருவார்கள், அதன் பிறகு எந்த வார்டில் ஆள் குறைகிறதோ அங்கே போக வேண்டும். இல்லத்தில் எட்டு ஷிப்ட் பழக்குவார்கள், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு கூட்டலாம் என்று பராமரிப்பு இயக்குநரே சொன்னா. பின்னேரங்களில் ஆர்.என். கீழ்மாடியில் இருப்பார், அவருடைய நேரடி இலக்கம் மருந்து வண்டியில் ஒட்டப்பட்டிருக்கிறதாம். இல்லத்துக்கு ஓம் சொல்லிவிட்டேன். ஏஜென்சிக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

அக்கா (எஜாக்ஸ்), பிற்பகல் 2.40
நல்ல முடிவு. காசநோய்ப் பரிசோதனையை இன்றே தொடங்கு, அது இரண்டு கட்டம், நாள் எடுக்கும். முகக்கவசப் பொருத்தச் சான்றிதழும் உயிர்காப்புப் பயிற்சி அட்டையும் காலாவதியாகவில்லையா என்று பார்த்துக்கொள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கு. மூச்சை எண்ணும்போது கைத்தொலைபேசியை எடுக்க முடியாது.

முக்கியமான ஒன்று. வேலை தொடங்கிய பிறகு, பெயர் போடாமல்கூட உன் மாடியில் உள்ளவர்களைப் பற்றி இந்தக் குழுவில் எழுதாதே. 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் எங்கள் எல்லோருக்கும் பொருந்தும். நான் சொன்ன பழைய கதையில்கூட யாரையும் அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதினேன்.

சின்ன மாமா (சறே), பிற்பகல் 3.05
சப்பாத்துக்கு நான் பணம் அனுப்புகிறேன், மருமகள். மலிவாக வாங்காதே.

மூன்று வாரங்களின் பின், செவ்வாய்க்கிழமை

நான், இரவு 10.49
முதல் ஷிப்ட் முடிந்தது. எனக்குப் பயிற்சி தருபவர் ஒரு நிமிடம்கூட என்னைத் தனியாக விடவில்லை. ஒவ்வொரு மருந்தையும் மூன்று முறை வாசித்ததால் நான் முடிக்க ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. பிந்தினால் பரவாயில்லை, வேகம் தானாக வரும் என்று அவ சொன்னா. அம்மா, நீங்கள் சொன்ன கேள்வியை நான்கு பேரிடமும் கேட்டேன். மூவர் ஒன்றுமில்லை என்றார்கள். நாலாமவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வா, காட்டுகிறேன்” என்று ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மற்றதை இங்கே எழுதமாட்டேன்.

அம்மா, இரவு 10.51
எழுத வேண்டாம். பதிவேட்டில் எழுதினாயா?

நான், இரவு 10.51
எழுதினேன். ஆர்.என்.னுக்கும் சொன்னேன், அவ வந்து பார்த்தா.

அம்மா, இரவு 10.52
சரி. பின்வாசல் பக்கம் காரில் நிற்கிறேன். புட்டு இருக்கிறது, சூடு ஆற முன் வா.