குவாம் தீவு சில மணி நேரத்தில் வீழ்ந்தது ஏன்? வேக் தீவோடு அதை ஒப்பிடலாமா?

அலைவரிசை எழுதியது:

1941 டிசம்பரில் பசிபிக் போர் தொடங்கியபோது ஜப்பானியர் முதல் சில வாரங்களில் கைப்பற்றிய அமெரிக்கத் தீவுகளைப் பற்றிச் சில நாள்களாகப் படித்து வருகிறேன். வேக் தீவில் ஏறத்தாழ 450 மரைன் படையினர் டிசம்பர் 23 வரை தாக்குப்பிடித்தார்கள். முதல் தரையிறக்க முயற்சியை முறியடித்து இரண்டு நாசகாரிக் கப்பல்களையும் மூழ்கடித்தார்கள். குவாமிலோ டிசம்பர் 10 அன்று விடியுமுன் தரையிறங்கிய ஜப்பானியரிடம், சூரியன் முழுதாக எழுவதற்குள் கடற்படை ஆளுநர் கேப்டன் ஜார்ஜ் மெக்மில்லின் சரணடைந்துவிட்டார். வேக் தீவைவிடப் பல மடங்கு பெரியதும், மலையும் காடும் உடையதுமான ஒரு தீவு இவ்வளவு விரைவாகக் கைமாறியதை ஆளுநரின் துணிவின்மை என்று சில கட்டுரைகள் மறைமுகமாகச் சுட்டுகின்றன. அது நியாயமான தீர்ப்புதானா? குவாமைப் பாதுகாக்க உண்மையில் அங்கே என்னதான் இருந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துறைமுகத்தான் எழுதியது:

குவாமின் கதையை டிசம்பர் 10-இலிருந்து தொடங்கினால் மெக்மில்லின் கோழையாகத்தான் தெரிவார். 1898-இலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

ஸ்பெயினுடனான போரின் முடிவில் அமெரிக்கா மரியானா தீவுக்கூட்டத்தில் குவாமை மட்டும் எடுத்துக்கொண்டது. மற்றத் தீவுகளை ஸ்பெயின் அடுத்த ஆண்டே ஜெர்மனிக்கு விற்றது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜப்பான் அவற்றைக் கைப்பற்றி, பின்னர் நாடுகளின் சங்கத்தின் ஒப்புதலோடு ஆண்டுவந்தது. ஆக, வடக்கே 75 கிலோமீட்டர் அளவில் ரோட்டா, ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் சைப்பான், கிழக்கிலும் தெற்கிலும் மார்ஷல், கரோலின் தீவுகள் என எல்லாப் பக்கமும் ஜப்பானியர் கையில் இருந்த இடங்களுக்கு நடுவே குவாம் தனித்து நின்றது. கேட்பாரற்ற நிலத்தைச் சுற்றி அயலார் எழுப்பிய சுவரைப் போன்ற நிலைமை அது.

1922 பிப்ரவரியில் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, பசிபிக்கில் குவாம், பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட இடங்களில் புதிய கோட்டை அரண்களோ கடற்படைத் தளங்களோ கட்டக் கூடாது என்று அமெரிக்காவைக் கட்டுப்படுத்தியது. போர்க்கப்பல்களின் எண்ணிக்கையில் ஜப்பான் தாழ்ந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டதற்கு ஈடாகக் கிடைத்த சலுகை இது. குவாமில் அதற்கு முன்பு நிறுவப்பட்டிருந்த கரையோரப் பீரங்கிகள்கூட 1930-களின் தொடக்கத்துக்குள் அகற்றப்பட்டுவிட்டன. உடன்படிக்கை 1936 இறுதியில் காலாவதியான பிறகு, கடற்படைத் தளங்களின் தேவையை ஆராய்ந்த ஹெப்பர்ன் குழு 1938 டிசம்பரில் அளித்த அறிக்கையில், குவாமை முழுமையான விமான, நீர்மூழ்கித் தளமாக வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பெருந்திட்டத்தைக் கடற்படை தானே சுருக்கி, துறைமுகத்தை ஆழப்படுத்த 50 லட்சம் டாலர் மட்டும் கேட்டது. ஜப்பானைச் சீண்டுவதாகிவிடும் என்ற அச்சத்தாலும், தொலைதூரத் தீவுக்குப் பணம் எதற்கு என்ற மனநிலையாலும் 1939 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை அதையும் மறுத்தது. 1941-இல் சில சில்லறைப் பணிகள் தொடங்கின என்றாலும், அவற்றால் காவல் வலுவில் எந்த மாற்றமும் வரவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 'ரெயின்போ 5' என்ற அமெரிக்கப் போர்த் திட்டத்தில் குவாம் 'எஃப்' வகையில் வைக்கப்பட்டிருந்தது. எதிரிக்குப் பயன்படக்கூடிய பொருள்களை அழிப்பதைத் தவிர வேறு பாதுகாப்புக் கடமை எதுவும் அந்த வகைத் தீவுகளுக்கு இல்லை. காக்க வேண்டாம் என்று எழுத்தில் முடிவு செய்துவிட்ட தீவில் இருந்துகொண்டு மெக்மில்லின் என்ன செய்திருக்க முடியும் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

கலங்கரை எழுதியது:

முந்தைய பதிவோடு உடன்படுகிறேன். அந்த மூன்று நாள்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும்.

சர்வதேச நாள்கோட்டுக்கு மேற்கே இருப்பதால் ஹவாயில் டிசம்பர் 7 ஆக இருந்தது குவாமில் டிசம்பர் 8. அது குவாமின் பூர்வகுடிகளும் கத்தோலிக்கருமான சமோரோ மக்களின் தீவுப் பாதுகாவலியான மாதாவின் பெருவிழா நாள். தலைநகர் அகானாவின் பேராலயத்தில் மக்கள் திரண்டிருந்தார்கள். பேர்ல் துறைமுகச் செய்தி விடிவதற்குச் சற்று முன்பே மெக்மில்லினுக்கு வந்துவிட்டது. காலை எட்டரை மணி அளவில் சைப்பானிலிருந்து வந்த விமானங்கள் சுமாய் கிராமத்திலிருந்த மரைன் முகாம், பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் கட்டடங்கள், எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவற்றைக் குண்டுவீசித் தாக்கின. தீவிலிருந்த குறிப்பிடத்தக்க ஒரே போர்க்கப்பலான 'பெங்குவின்' என்ற கண்ணிவாரிக் (கடற்கண்ணிவெடிகளை அகற்றும்) கப்பல் சண்டையிட்டு, பின்னர் தன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டது.

அன்றிரவு நடந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றுவதற்காகச் சைப்பானைச் சேர்ந்த சமோரோக்கள் சிலரை ஜப்பானியர் தோணியில் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். பிடிபட்ட அவர்கள், மறுநாள் காலையில் அகானாவுக்கு அருகிலுள்ள கடற்கரையில் படை இறங்கும் என்று கூறினார்கள். மரைன் படையினரை, அவர்களின் சுமாய் முகாம் இருந்த ஓரோட்டே தீபகற்பத்திலிருந்து வெளியே இழுப்பதற்கான சூழ்ச்சியாக இருக்கலாம் என்று ஐயுற்ற மெக்மில்லின் மரைன்களை அங்கிருந்து நகர்த்தவில்லை. நாள் ஒன்று தள்ளிப்போனாலும், சொன்ன இடம் சரியாகவே இருந்தது. அதை நம்பியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டால், அதிகம் ஒன்றுமில்லை என்பேன். சாவு எண்ணிக்கை கூடியிருக்கும்.

தீவின் காவல் வலு இதுதான்: லெப்டினன்ட் கர்னல் மெக்நல்டியின் கீழ் ஏறத்தாழ 150 மரைன்கள், சமோரோ இளைஞர்களைக் கொண்ட, பயிற்சி முழுமையடையாத உள்ளூர்க் காவல் படையினர் ஓரிரு நூறு பேர், துப்பாக்கிகளும் விரல்விட்டு எண்ணத்தக்க இயந்திரத் துப்பாக்கிகளும். கரையோரப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. விமானம் ஒன்றும் இல்லை. எதிரே மேஜர் ஜெனரல் தொமிதாரோ ஹோரியின் தென்கடல் படைப்பிரிவு 5,000-க்கும் அதிகமான வீரர்களுடன் வந்தது. அதற்கு மேல் சைப்பானிலிருந்து ஏறத்தாழ 400 கடற்படைத் தரைவீரர்கள். ஜப்பானியர் குவாமின் காவலை உண்மையில் இருந்ததைவிடப் பெரிதாகக் கணித்திருந்ததால்தான் இத்தனை பெரிய படையை அனுப்பினார்கள்.

டிசம்பர் 10 அதிகாலை டுங்காஸ் கடற்கரையில் இறங்கிய அந்த 400 பேரை அகானாவின் பிளாசா தெ எஸ்பான்யா சதுக்கத்தில் எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் காவல் படையினரே. இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு முதல் சில பாய்ச்சல்களை அவர்கள் தடுத்தார்கள். ஹோரியின் பெரும்படை தூமோன், மெரிசோ, தலோஃபோஃபோ பகுதிகளில் இறங்கிக்கொண்டிருக்க, எதிர்ப்பு பயனற்றது என்று கண்ட மெக்மில்லின் ஆறு மணிக்குச் சற்று முன்னதாகச் சண்டையை நிறுத்தினார். கார் ஒன்றின் ஒலிப்பானை மூன்று முறை ஒலித்ததுதான் போர்நிறுத்த அறிகுறி. மரைன்களில் பெரும்பாலோர் ஓரோட்டேயில் இருந்ததால் அந்தச் சண்டையில் பங்கெடுக்கவே நேரவில்லை.

வேக் தீவிலோ ஆறு ஐந்தங்குலப் பீரங்கிகளும், பன்னிரண்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளும், பன்னிரண்டு 'வைல்ட்கேட்' போர் விமானங்களும் இருந்தன. விமானங்களில் பெரும்பாலானவை முதல் நாளே தரையில் அழிந்தன என்றாலும், எஞ்சியவை டிசம்பர் 11-இல் 'கிசராகி' கப்பலை மூழ்கடித்தன. 'ஹயாத்தே'யைக் கரையோரப் பீரங்கிகள் மூழ்கடித்தன. அதன் பிறகு, குவாம் தரையிறக்கத்துக்குத் துணை நின்ற நான்கு கனரகக் குரூசர்களையும், பேர்ல் துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'சோர்யூ', 'ஹிர்யூ' ஆகிய விமானந்தாங்கிகளையும் ஜப்பான் வேக் பக்கம் திருப்பியது. குவாம் விரைவில் வீழ்ந்ததும் வேக் முற்றுகை இறுகியதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

பழைய நிலப்படம் எழுதியது:

மேலே சொன்ன விவரங்களில் எனக்கு வேறுபாடில்லை. ஆனால் 1939-இல் அமெரிக்கச் சபை பணம் தந்திருந்தால் குவாம் பிழைத்திருக்கும் என்று முதல் மறுமொழி உணர்த்துவதை ஏற்க முடியவில்லை.

கடல் எவர் கையிலோ தீவு அவர் கையில் என்பதே அந்தப் போர் முழுவதும் கண்ட உண்மை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க, பிலிப்பினோ வீரர்கள் இருந்த பிலிப்பைன்ஸே 1942 மே மாதத்தில் வீழ்ந்தது. குவாமையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1944 ஜூலை 21 அன்று அமெரிக்கர் திரும்பி வந்தபோது அங்கே 18,000-க்கும் அதிகமான ஜப்பானிய வீரர்கள், பீரங்கிகளோடும் குகை அரண்களோடும் காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் பிலிப்பைன் கடற்போரில் ஜப்பானியக் கடற்படையின் விமான வலு ஒடிந்துபோயிருந்ததால், உதவிக்கு ஒரு கப்பலும் வர வாய்ப்பில்லை. ஒழுங்கமைந்த எதிர்ப்பு ஆகஸ்ட் 10-க்குள் முடிந்துவிட்டது. 1941-இல் ஒரு மரைன் பட்டாலியனும் நான்கைந்து பீரங்கிகளும் கூடுதலாக இருந்திருந்தால் ஜப்பானியர் சில நாள் தாமதித்திருப்பார்கள், அவ்வளவே. அந்தச் சில நாள்களின் விலையை அகானா நகரத்தின் குடும்பங்கள் கொடுத்திருக்கும். வேக் தீவில் சொந்த மக்கள் என்று எவரும் இல்லை. குவாமிலோ 1940 கணக்கெடுப்பின்படி 22,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். தற்காக்கப்படாத ஒரு நகரத்தின் நடுவே போர் புரிவதா என்ற கேள்வி வேக் தளபதிகளுக்கு எழவே இல்லை.

அலைவரிசை எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: அமெரிக்கப் படையினரின் குடும்பங்கள் முன்பே வெளியேற்றப்பட்டதாகப் படித்தேன். சமோரோ மக்களுக்கு அப்படி ஏதும் ஏற்பாடு இருந்ததா? மொழிபெயர்ப்பாளர்களாக வந்த சைப்பான் சமோரோக்களை, ஒரே இனத்தவர்களாகிய குவாம் மக்கள் எப்படிப் பார்த்தார்கள்?

வடக்குவாசல் எழுதியது:

அமெரிக்கக் குடும்பங்கள் 1941 அக்டோபர் 17-இல் கப்பலேற்றப்பட்டார்கள். சமோரோ மக்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. அவர்கள் அப்போது அமெரிக்கக் குடிமக்கள்கூட அல்லர். கடற்படையின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் மட்டுமே. குடியுரிமை 1950-இல்தான் வந்தது. வேக் தீவிலும் இதே முகம் தெரிந்தது: டிசம்பர் 8 தாக்குதலுக்குப் பிறகு அங்கிருந்து புறப்பட்ட பான் அமெரிக்கன் விமானம் தன் வெள்ளை ஊழியர்களை ஏற்றிக்கொண்டு, விடுதியில் வேலை பார்த்த சமோரோ ஊழியர்களை அங்கேயே விட்டுச் சென்றது. மெக்மில்லின் துணிந்தாரா இல்லையா என்று விவாதிப்பவர்கள் இந்த ஏட்டைப் புரட்டுவதே இல்லை என்பது என் மனக்குறை.

மெக்மில்லின் உள்ளிட்ட அமெரிக்கக் கைதிகள் 1942 ஜனவரி 10 அன்று 'அர்ஜென்டினா மாரு' கப்பலில் ஜப்பானின் சிக்கோக்கு தீவிலுள்ள சென்சூஜி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சரணடையாமல் காட்டுக்குள் புகுந்த ஒருசில கடற்படையினரில் வானொலி இயக்குநரான ஜார்ஜ் ட்வீட் மட்டும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தப்பியிருந்து 1944 ஜூலையில் மீட்கப்பட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். ட்வீட்டை மாறிமாறி மறைத்து வைத்த குடும்பங்களும், மறைத்ததாக ஐயத்துக்கு ஆளானவர்களும் அடியும் சித்திரவதையும் பட்டார்கள். ட்வீட் தானாகச் சரணடைந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் தீவில் இருந்தார்கள். அதை நன்றிகெட்ட பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1944-இல் அமெரிக்கர் நெருங்கியபோது கொடுமை உச்சத்தை எட்டியது. விமானத்தளப் பணிகளுக்குக் கட்டாய உழைப்பு, மனெங்கோன் பள்ளத்தாக்கு முகாமுக்குக் கால்நடையாகத் துரத்துதல் என்று தீவு முழுவதும் அலைக்கழிக்கப்பட்டது. குருவானவர் ஹெசூஸ் பாசா துவேன்யாஸ் ஜூலை 12-இல் தலை வெட்டப்பட்டார். மெரிசோ ஊரார் ஜூலை நடுவில் திந்தா, ஃபாஹா என்னும் இரண்டு இடங்களில் 46 பேரை இழந்தார்கள்; சில நாள்களில் அதே ஊரைச் சேர்ந்தவர்கள் அத்தாத்தே என்ற இடத்தில் காவலர்கள் மீது பாய்ந்து அவர்களைக் கொன்றார்கள்.

சைப்பான் சமோரோக்களைப் பற்றி: சைப்பானும் ரோட்டாவும் 1914 முதல் ஜப்பானிய ஆட்சியில் இருந்தவை, அங்கே வளர்ந்த இளைஞர்கள் ஜப்பானியப் பள்ளியில் படித்தவர்கள், மொழி தெரிந்ததாலேயே பணிக்கு அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களில் குவாமில் உறவினர் உள்ளவர்களும் இருந்தார்கள். தம்மால் இயன்றவரை மக்களைக் காத்தவர்களும், காவலர்களோடு சேர்ந்து அடித்தவர்களும் இருந்தார்கள். குவாம் மக்களின் நினைவில் பின்னவர்களே பெரிதாக நின்றார்கள். போருக்குப் பின் குவாமில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் சைப்பான், ரோட்டா சமோரோக்கள் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். 1969-இல், சைப்பானும் ரோட்டாவும் அடங்கிய வட மரியானாத் தீவுகளோடு குவாம் இணைய வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது குவாம் வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். வாக்களித்தவர்களின் எண்ணிக்கை குறைவு. வரிச் செலவு பற்றிய கவலையும் இருந்தது. ஆயினும் அந்த மறுப்புக்கான காரணங்களில் ஆக்கிரமிப்புக் காலத்துக் கசப்பும் ஒன்று என்று அத்தீவின் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இன்றும் இவை இரண்டும் தனித்தனி ஆட்சிப்பகுதிகளாகவே அமெரிக்காவின் கீழ் உள்ளன.