சொல் வேண்டும்: செல்ஃப்-ஹெல்ப் குரூப், சப்போர்ட் குரூப்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். குடிநோய், மனச்சோர்வு, புற்றுநோய், பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் என்று சொந்த இன்னல்களில் சிக்கியவர்கள் கூடி ஒருவருக்கொருவர் தாங்கலாக இருக்கும் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதுகிறேன். முதல் பத்தியிலேயே சிக்கல். செல்ஃப்-ஹெல்ப் குரூப் என்றால் எல்லோரும் சொல்வது 'சுய உதவிக் குழு'. சரி, "சுய உதவிக் குழுவில் சேர்ந்த பெண்களின் மனச்சோர்வு குறைந்தது" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் வருவது சேமிப்பும் கடனும் மாதத் தவணையும்தான். அந்தச் சொல்லைக் கடன் குழுக்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனித் திரும்ப வாங்க முடியாது.

'ஆதரவுக் குழு' என்று போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் ஆய்வு முடிவே மாறிப்போகும். 1989-இல் உளமருத்துவர் டேவிட் ஸ்பீகலும் உடன் ஆய்ந்தவர்களும் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை, ஓராண்டுக்குக் கூடிப் பேசினார்கள். ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். கூடிப் பேசாதவர்கள் 18.9 மாதங்கள். கூட்டத்துக்குப் போனால் ஆயுள் கூடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 2001-இல் பமீலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தது உண்மை.

இந்த இரண்டிலுமே குழுவை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். நோயாளிகள் தாங்களே கூடி நடத்திக்கொண்ட குழுக்கள் அல்ல. 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட விரும்புவோர் தாங்களே கூடும் அமைப்பு, வேறு வகை. இருவருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள். அங்கே கட்டணமும் இல்லை, சிகிச்சையாளரும் இல்லை. இதற்கும் அதற்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஒன்றில் கண்ட பலனை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ஒரு பயிற்சி நூலையோ செயலியையோ வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகவே பயில்வது, நடுவில் யாராவது தொலைபேசியில் பேசி ஊக்குவிப்பது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் இது நேரடி உளச்சிகிச்சைக்கு ஏறத்தாழ ஈடாக நிற்கிறது என்று பிம் கைபர்ஸும் உடனிருந்தவர்களும் 2010-இல் பல ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார்கள். இதற்கும் ஆங்கிலத்தில் பெயர் செல்ஃப்-ஹெல்ப்தான்! குழுவே கிடையாது.

மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். சொல்லுங்கள்.

அன்புடன்,
ம.

*

ம. அவர்களுக்கு,

தனியாகப் பயில்வதை 'தற்பயிற்சி' என்று சொல்லிவிடலாம். உதவியாளர் இருந்தால் 'வழிகாட்டலுடன் தற்பயிற்சி'. 'சுயமுன்னேற்றம்' வேண்டவே வேண்டாம், அது புத்தகக் கடை அலமாரியின் பெயர்.

சிகிச்சையாளர் நடத்துவது 'ஆதரவுக் குழு' என்றே இருக்கட்டும். 'துணைக் குழு' அழகான சொல்தான், ஆனால் எந்த அலுவலகத்தில் சொன்னாலும் சப்-கமிட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தாங்களே நடத்துவதற்கு 'இணையுதவிக் குழு' எப்படி? இணை என்றால் சமமானவர்.

இரா.

*

நண்பர்களே,

'இணையுதவி' என்று எழுதினால் பத்துக்கு ஒன்பது பேர் 'இணைய உதவி' என்று படிப்பார்கள். வைஃபை வரவில்லை என்று புகார் கொடுக்க வந்துவிடுவார்கள்.

நான் ஆய்வாளன் அல்லன். குடிநோயாளர் குடும்பங்களுக்கான கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சொல் தேடுகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரிந்தால் நல்லது. வட்டமாக நாற்காலிகள். பேசுபவர் பெயரின் முதல் பகுதியை மட்டும் சொல்கிறார். ஐந்து நிமிடம் பேசுகிறார், அழுகிறார் அல்லது சிரிக்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை. "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்" என்று அறிவுரை சொல்வதும் இல்லை. நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார். முந்தையவருக்கான பதில் பெரும்பாலும் அந்த இரண்டாவது கதைக்குள்தான் இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்று பேசுவது தனி. ஒரு தடவை புதிதாக வந்த அம்மா ஒருவர், "இங்கே டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "நாங்கதான்மா, வந்துட்டோம்" என்றார்.

நாங்கள் இதைக் 'கூட்டம்' என்போம், 'மீட்டிங்' என்போம். நாங்கள் செய்வது 'பகிர்வது'. 'பகிர்வுக் குழு' என்று சொல்லிப் பார்த்தேன், வாட்சப்பில் படம் அனுப்பும் குழு மாதிரி ஒலிக்கிறது.

ந.

*

ந. ஐயா,

அந்த "வந்துட்டோம்" ஒன்றே என் கட்டுரைக்குப் போதும். சமூகவியலாளர் தாமசினா போர்க்மன் 1976-இல் சொன்னது இதைத்தான்: இக்குழுக்களின் மூலதனம் படித்து வந்த அறிவு அல்ல, அந்த இன்னலைக் கடந்தவர்களிடம் சேர்ந்த அறிவு. இதற்கு மட்டும் நான் தேடவே வேண்டியிருக்கவில்லை, 'பட்டறிவு' கையிலேயே இருக்கிறது. ஆனால் 'பட்டறிவுக் குழு' என்றால் மூத்த வல்லுநர்களின் ஆலோசனைக் குழு போலத் தோன்றும் என்பதால் குழுவுக்கு அதை வைக்கவில்லை.

இன்னொரு கருத்தும் உண்டு. உதவி பெறுகிறவரைவிட உதவுகிறவருக்கே பலன் கூடுதல் என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இல் ஒரு கொள்கையாகவே எழுதினார். எனவே நம் சொல்லில் 'பெறுவோர்', 'பயனாளி' என்ற வாடையே வரக்கூடாது. அரசுத் திட்ட மொழி நம்மையறியாமல் உள்ளே நுழைந்துவிடும்.

என் முன்மொழிவு: தனி ஆள் தனக்குத் தானே உதவிக்கொண்டால் 'தன்னுதவி'. பலர் தமக்குள் உதவிக்கொண்டால் 'தம்முதவி'. ஆங்கிலத்தில் செல்ஃப் என்ற சொல் ஒருமை பன்மையைக் காட்டாமல் விட்டதால்தான் இத்தனை குழப்பமும். நமக்குத் தன், தம் இரண்டும் இருக்கின்றன. புணர்ச்சியும் சரியாக வருகிறது. 'தம்முதவிக் குழு' என்று எழுதிவிடலாம்.

அப்புறம், இன்னொரு சொல்லும் இங்கேயே முடிந்தால் நல்லது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றிய காக்ரன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பினுடையது) 2006-இல் வந்தபோது 8 சோதனைகளே கிடைத்தன. தெளிவான பலன் நிறுவப்படவில்லை என்று அது முடித்தது. 2020-இல் வந்த புதிய மதிப்பாய்வில் 27 ஆய்வுகள், 10,565 பேர். ஓராண்டில் இடைவிடாமல் குடிக்காமலிருந்தவர்கள் இவ்வழியில் 42 விழுக்காடு, பிற சிகிச்சைகளில் 35. ஆனால் அங்கே பெரும்பாலும் சோதிக்கப்பட்டது வெறும் கூட்டம் அல்ல. சிகிச்சையாளர் ஒருவர் கையேட்டின்படி நோயாளியை அந்த அமைப்பினர் குடியை விடக் கைக்கொள்ளும் பன்னிரு படிகளுக்கு அறிமுகப்படுத்தி, கூட்டத்துக்குப் போகவைக்கும் முறை. போகலாமா வேண்டாமா என்பதைக் குலுக்கல் போட்டு ஒருவர்மேல் சுமத்த முடியாது. தானாகப் போகிறவரோ ஏற்கெனவே திருந்த முடிவெடுத்தவராக இருக்கலாம். இந்தச் சிக்கலை ஓரளவு சமாளிக்க அனுப்பிவைக்கும் முறையைச் சோதிக்கிறார்கள். இதை 'பன்னிருபடி ஆற்றுப்படுத்தல்' எனலாமா?

ம.

*

எனக்கு ஒரு மனக்குறை. ஆற்றுப்படை என்றால் பரிசில் பெற்றுவந்த பாணன், வழியில் கண்ட இன்னொரு பாணனை அதே வள்ளலிடம் அனுப்புவது. போய்வந்தவன், போகாதவனுக்கு வழி சொல்வது. அசலில் அது ந. ஐயா போகும் கூட்டத்துக்கு உரிய சொல். அதை உளவியல் ஆலோசகர்கள் எடுத்துக்கொண்டார்கள், இப்போது நீங்களும் சிகிச்சையாளருக்கே கொடுக்கிறீர்கள். வழக்கில் ஊன்றிவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

'தம்முதவி'க்கு என் ஓட்டு உண்டு. ஆனால் புகைப்பழக்கத்தை விட வந்தவர்களிடம் 'தம்முதவிக் குழு' என்று சொல்லிவிடாதீர்கள். தம் அடிக்க உதவும் குழு என்று கூட்டம் அலைமோதும்.

இரா.

*

சிரித்து முடித்தேன். எங்கள் குழுவிலேயே அந்த நகைச்சுவை ஒரு வாரம் ஓடும். பரவாயில்லை, எழுத்தில் 'தம்முதவி' நிற்கும். பேச்சில் நாங்கள் 'கூட்டம்' என்றே சொல்லிக்கொள்கிறோம்.

ஸ்பான்சர் என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே? புதியவருக்குப் பொறுப்பேற்று, இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்தாலும் போனை எடுக்கும் பழைய உறுப்பினர். 'புரவலர்' என்று ஓர் அச்சடித்த தாளில் பார்த்தேன். அவர் பணம் கொடுப்பவர் இல்லை ஐயா. 'வழித்துணை' என்று வைத்தால் என்ன?

ந.

*

வைத்தாயிற்று. தற்பயிற்சி, ஆதரவுக் குழு, தம்முதவிக் குழு, பன்னிருபடி ஆற்றுப்படுத்தல், பட்டறிவு, வழித்துணை ஆகிய ஆறும் கட்டுரையில் போகின்றன. 'தன்னுதவி' தற்பயிற்சிக்கு மாற்றாக அடைப்புக்குறிக்குள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வந்தால் மாற்றுகிறேன், அதன் பிறகு அச்சுக்கு.

ம.