இலையின் இடது பாதி

திருவல்லிக்கேணி மகள்:
அப்பா முப்பது வருஷம் சென்னையில் பஸ் ஓட்டியவர். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்து, வீடு திரும்பிய பிறகு வந்த முதல் பொங்கல். இலை போட்டோம். வலது பாதியை மட்டும் சாப்பிட்டார். சோற்றின் நடுவே கோடு கிழித்த மாதிரி இடது பாதி அப்படியே நின்றது. "உப்பு, ஊறுகாய் எதுவும் வைக்கலையா?" என்று கோபித்துக்கொண்டார். இரண்டும் இடது ஓரத்தில்தான் இருந்தன. வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று நினைத்து அம்மா அழுதுவிட்டார். நான் இலையைச் சுற்றித் திருப்பிவிட்டேன். (நுனி வலது பக்கம் வரக் கூடாதுதான், வேறு வழி தெரியவில்லை.) "இப்பத்தான் வைக்கணும்னு தோணுச்சா?" என்று கேட்டபடியே மீதியையும் சாப்பிட்டார்.

கண்ணில் கோளாறே இல்லை. வலது மூளை இரண்டு பக்கமும் கவனம் வைக்குமாம். இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டும். அதனால் வலது மூளை அடிபட்டால் இடது பக்கம் கவனத்திலிருந்தே நழுவிவிடும் என்றார் டாக்டர். இருட்டாகத் தெரிந்திருந்தால் அப்பா தலையைத் திருப்பிப் பார்த்திருப்பாரே!

1978-ல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் பேராலயச் சதுக்கத்தை முதலில் ஒரு முனையிலிருந்தும், பிறகு எதிர் முனையிலிருந்தும் மனக்கண்ணில் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு முறையும் இடது பக்கம்தான் விடுபட்டதாம். அதைப் படித்ததும் அப்பாவிடம் மெரினா ரோட்டைக் கேட்டேன். "கலங்கரை விளக்கத்துலேர்ந்து நேப்பியர் பாலத்துக்குப் போறீங்கப்பா, என்னென்ன வருது?" கடல், காந்தி சிலை, உழைப்பாளர் சிலை, அண்ணா சமாதி. எல்லாம் வலது பக்கம். இடது பக்கத்திலிருந்து ஒரு கட்டடம்கூட வரவில்லை. "சரி, பாலத்துலேர்ந்து திரும்பி வாங்க." பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரி என்று வரிசையாகச் சொன்னார். இப்போது இடது பக்கமாகிவிட்ட கடல் வரவே இல்லை. முப்பது வருஷம் காற்று வாங்கிக்கொண்டே ஓட்டிய ரோடு! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பெரம்பூர் பேரன்:
அக்கா, எங்கள் பாட்டிக்கு நடுப்பார்வை போன பிறகு, கூடத்தில் பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் நிற்பதாகச் சொன்னார். மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை தானாகப் படம் போட்டுக்கொள்ளும் என்று கண் டாக்டர்தான் விளக்கினார். சார்ல்ஸ் போனே என்பவர் தன் தாத்தாவுக்கு இப்படி வந்ததை 1760-லேயே எழுதி வைத்திருக்கிறார். பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையே?" ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார், பாவம். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

திருவல்லிக்கேணி மகள்:
ஓரளவு தேறிவிட்டார், தம்பி. தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது பயிற்சி. அம்மா இப்போதெல்லாம் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறார். ஆரம்பத்தில், கூப்பிட்டால் வலது பக்கமாகத் தேடுவார். நேற்று நேராக அம்மா பக்கம் திரும்பி, "காபி ஆறிப்போச்சு" என்றார்.