இரைப்பையின் கார்டியாவுக்கு ‘இரைப்பைவாய்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

உடற்கூற்றியல் சொற்பட்டியலில் இரைப்பையின் ‘கார்டியா’வுக்கு ‘இதயவாய்’ என்றும், அங்குள்ள சுருக்குத்தசைக்கு ‘இதயச் சுருக்குத்தசை’ என்றும் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் நாம் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. உணவுக்குழல், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் துளைத்துக் கீழிறங்கி இரைப்பையோடு சேரும் இடம்தான் இந்தக் கார்டியா. இதயம் உதரவிதானத்துக்கு மேலே இருக்கிறது, இது கீழே இருக்கிறது. இரண்டுக்கும் பெயரில் உள்ள உறவு செயலில் இல்லை.

அப்படியானால் கிரேக்கர்கள் ஏன் இதயத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள் என்ற கேள்வி எழும். பழைய கிரேக்கத்தில் கார்டியா என்பது இதயத்தை மட்டுமன்றி, நெஞ்சுக்குழியில் உணரப்படும் எரிச்சலுக்கும் குமட்டலுக்கும் இடமாகக் கருதப்பட்ட இரைப்பையின் மேல்வாயையும் குறித்தது. கி.மு. 430-இல் ஏதென்சைத் தாக்கிய கொள்ளைநோயை விவரிக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், நோய் தலையிலிருந்து மார்புக்கு இறங்கிப் பின் கார்டியாவில் தங்கியதும் அதைப் புரட்டிப் போட்டுப் பித்த வாந்தியை உண்டாக்கியது என்கிறார். அங்கே இதயம் என்று பொருள் கொண்டால் வாந்திக்குக் காரணம் விளங்காது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்வந்த மருத்துவர் கேலனும் முன்னோர் இரைப்பையின் வாயை இச்சொல்லால் அழைத்ததை எடுத்துக்காட்டி, இரண்டு பொருளையும் பிரித்தறிய வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார். ஆக, நம் சிக்கல் புதியதன்று.

தமிழில் இதற்கு நேரான போக்கு ‘நெஞ்சு’ என்ற சொல்லில் இருக்கிறது. நெஞ்செரிச்சல் என்கிறோம், எரிவது உணவுக்குழல். நெஞ்சுச்சளி என்கிறோம், சளி கட்டியிருப்பது நுரையீரலில். சோறு நெஞ்சில் அடைத்துக்கொண்டது என்கிறோம், ‘உன் நெஞ்சைத் தொட்டுச் சொல்’ என்றும் கேட்கிறோம். பேச்சுக்கு இந்த விரிவு ஒரு வளம், கலைச்சொல்லுக்கோ இடைஞ்சல். ‘இதயம்’ வடசொல்லின் வழி வந்தது, ஆகவே கார்டியா வரும் இடமெல்லாம் ‘நெஞ்சு’ என்றே எழுதலாம் என்று சொன்ன நண்பருக்கு இதுவே என் மறுமொழி. இதயம் என்பது உறுப்பை மட்டும் குறிக்கும் சொல்லாக மருத்துவத் தமிழில் நிலைத்துவிட்டது. அந்தத் துல்லியத்தை இழக்க வேண்டாம். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு இருப்பது இதய நோயா, இரைப்பை அமிலத்தின் வேலையா என்று மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும்போது, இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது யாருக்கும் உதவாது. வடசொல் என்று தள்ளுமுன் இன்னொன்றையும் நினைக்கலாம்: கார்டியா, லத்தீனின் கோர், ஆங்கிலத்தின் ஹார்ட், சம்ஸ்கிருதத்தின் ஹ்ருதயம் ஆகியவற்றை ஒரே வேரின் கிளைகள் என்றே மொழியியலாளர் கொள்கின்றனர்.

தவறான பெயர்ப்பால் விளையக்கூடிய கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். உணவு இறங்கும்போது தளர வேண்டிய சுருக்குத்தசை தளராமல் இறுகி நிற்பதால் மேலே உள்ள உணவுக்குழல் வீங்கிப் பெருக்கும் நோய் ஒன்று உண்டு. அதை அகலேசியா கார்டியா என்பார்கள். 1674-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இந்நோயை விவரித்து, நுனியில் கடற்பஞ்சு கட்டிய திமிங்கில எலும்பை விழுங்கச் செய்து வழியைத் திறந்ததாகப் பதிவு செய்தார். 1913-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர், உட்படலத்தைத் துளைக்காமல் அந்தத் தசைநார்களை மட்டும் நீளவாக்கில் கீறிவிடும் முறையைச் செய்து காட்டினார். அந்த அறுவையின் பெயர் கார்டியோமயாட்டமி. இதயத்தசை நோய்க்குப் பெயர் கார்டியோமயோபதி. ‘கார்டியோ’வுக்கு இதயம், ‘மயோ’வுக்குத் தசை என்று இயந்திரம்போல் போட்டுக்கொண்டே போகிறவர் முன்னதை ‘இதயத்தசை அறுவை’ என்று எழுதிவிடுவார். விழுங்க முடியாமல் வந்த நோயாளி, ஒப்புதல் படிவத்தில் தன் இதயத்தை வெட்டப் போவதாகப் படித்தால் என்ன ஆவார்? கார்டியாவில் தோன்றும் புற்றை ‘இதயப் புற்று’ என்று எழுதினாலும் இதே கதைதான்.

ஆகவே என் முன்மொழிவு ‘இரைப்பைவாய்’. இரைப்பைக்கு இரண்டு திறப்புகள் உள்ளனவே, எதை வாய் என்பது என்று கேட்கலாம். பானைவாய், சாக்குவாய், கிணற்றுவாய் என்று நாம் சொல்லும்போதெல்லாம் பொருள் உள்ளே போகும் வழியையே கருதுகிறோம் என்பதால் குழப்பம் வராது. மறுமுனையில் உள்ள பைலோரஸ் கிரேக்கத்தில் வாயிற்காவலன். அதற்கு அடுத்த உறுப்பின் நுழைவு என்ற அதே முறையில் ‘குடல்வாய்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இணையாக நிற்கும். ‘இரைப்பை வாயில்’ என்று சிலர் எழுதுவதை விட்டுவிடலாம். இடவேற்றுமை உருபு சேர்ந்த ‘வாய்’ என்றும் அதைப் படிக்க இடமுண்டு. கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் அமைகின்றன: இரைப்பைவாய்ச் சுருக்குத்தசை, இரைப்பைவாய்ச் சுரப்பிகள், இரைப்பைவாய்த் தளர்வின்மை, இரைப்பைவாய்த் தசைக்கீறல். சற்று நீளம்தான், ஆனால் படித்தவுடன் இடம் விளங்குகிறது.

இதே வேறுபாட்டை லத்தீன் உடற்கூற்றுப் பெயரீட்டிலும் சொல்லின் ஈற்று மாற்றத்தில் காணலாம். இடது நுரையீரலின் முன்விளிம்பில் இதயத்துக்கு இடம்விட்டு உள்வாங்கியிருக்கும் பகுதி ‘கார்டியாக்கா’ என்ற அடையைப் பெறுகிறது. உணவுக்குழலுக்கும் இரைப்பையின் மேல்முகட்டுக்கும் இடையே உள்ள மடிப்பு ‘கார்டியாலிஸ்’ ஆகிறது. நாம் முன்னதை ‘இதயக் குடைவு’ என்றும் பின்னதை ‘இரைப்பைவாய்க் குடைவு’ என்றும் எழுதினால் சொல்லின் ஈற்றை உற்றுப் பார்க்க வேண்டிய தொல்லை இல்லை.

உண்மையாகவே இதயத்தைக் குறிக்கும் சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. இதய உறை, இதயப் புறப்படலம், இதயத்தசைப் படலம், இதய அகப்படலம் என்று நான்கும் ஒழுங்காக அமைந்துவிட்டன. டாக்கிகார்டியா, பிராடிகார்டியா இரண்டிலும் பேசப்படுவது உறுப்பன்று, துடிப்பின் வேகம். பெரியவர்களுக்கு ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 100-க்கு மேல், 60-க்குக் கீழ் என்பது வழக்கமான எல்லை. ஆகவே மிகைத்துடிப்பு, குறைத்துடிப்பு என்பவை போதும். டெக்ஸ்ட்ரோகார்டியாவோ உறுப்பின் இடத்தைச் சொல்வதால் அதற்கு ‘வலப்புற இதயம்’ பொருந்தும். ஈசிஜி என்பதைப் பெயர்த்தாலும் மருத்துவமனையில் ஈசிஜிதான் வழங்கும். அதில் நேரம் செலவிட வேண்டாம்.

இனி இயற்கை உலகம். இங்கே கார்டியா பெரும்பாலும் வடிவத்தைச் சொல்கிறது. நம் முடக்கற்றானின் அறிவியற் பேரினப் பெயர் கார்டியோஸ்பெர்மம். ஊதிய காயை உடைத்தால் அறைக்கொன்றாகக் கிடக்கும் கரிய உருண்டை விதையில், காம்பு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குறி, சீட்டுக்கட்டில் ‘ஆட்டின்’ எனப்படும் இதயச் சின்னத்தைப்போல் தெளிவாகத் தெரியும். ‘இதயவிதைச் செடி’ என்று இதைப் பெயர்க்க ஒருவர் முனைந்திருக்கிறார். முடக்கை அறுப்பதால் முடக்கற்றான் என்று பெயரிட்ட மொழிக்கு, விதையின் புள்ளியைப் பார்த்து வைத்த பெயரைக் கடன் வாங்க என்ன தேவை வந்தது? பேரினப் பெயரை ஒலிபெயர்த்துவிட்டுச் செடிக்கு நம் பெயரையே வைப்போம்.

அனகார்டியம் இன்னும் சுவையானது. இன்று முந்திரியைச் சுட்டும் இப்பெயர், அறிவியற் பெயரீட்டை முறைப்படுத்திய லின்னேயசுக்கு முன்பு மருந்துக்கடைக்காரர்களிடம் சேங்கொட்டையைக் குறித்தது. சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாத குறியிடப் பயன்படுத்திய அதே கொட்டை. சேங்கொட்டையின் இன்றைய அறிவியற் பெயரான செமெகார்ப்பஸ் அனகார்டியத்தில் பழைய பெயர் சிற்றினப் பெயராகத் தங்கிவிட்டது. இதில் ‘அன்’ எதிர்மறை முன்னொட்டு என்று எண்ணி ‘இதயமிலி’ என்று எழுதுவது பிழை. இங்குள்ள முன்னொட்டு ‘அனா’. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் அடங்கிய அனகார்டியேசியை ‘முந்திரிக் குடும்பம்’ என்றால் முடிந்தது.

வடிவச்சொல்லுக்கு வருகிறேன். சீந்திலின் சிற்றினப் பெயரான கார்டிஃபோலியா லத்தீன் வழிவந்து, இதயம் போன்ற இலையைக் குறிக்கிறது. தாவரவியலில் இவ்வடிவத்துக்கு ‘அரசிலை வடிவம்’ என்றே சொல்லலாம். குழந்தைக்கு அரைஞாணில் கட்டும் அரசிலை நகை முதல் இவ்வுருவம் நமக்குப் பழக்கம். ஆனால் 1741-இல் கணிதவியலாளர் கஸ்தீயோன் பெயரிட்ட கார்டியாய்டு என்ற கணித வளைவுக்கு இது பொருந்தாது. ஒரு வட்டத்தின் மேல் அதே அளவுள்ள இன்னொரு வட்டம் உருளும்போது அதன் விளிம்புப் புள்ளி வரையும் அவ்வளைவில் உள்நோக்கிய கூர் ஒன்று உண்டு. எதிர்ப்பக்கம் உருண்டையாக முடியும், இலைக்கு உரிய நுனி இல்லை. அதற்கு ‘நெஞ்சுவளை’ என்பதை ஆதரிக்கிறேன். உடலுறுப்போடு மயங்க இடமில்லாத கணிதத்தில் நெஞ்சு தாராளமாக வரலாம்.

‘குடைவு’ என்ற சொல்லில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை. பல், எலும்பு ஆகியவற்றின் உட்குழிவுக்கும் அதைப் பயன்படுத்துவோம். விளிம்பில் உள்வாங்கிய பகுதிக்கு அதைவிடத் தெளிவான சொல் இலங்கைப் பாடநூல் வழக்கில் இருந்தால் அங்குள்ள நண்பர்கள் எழுதுங்கள், இரண்டு குடைவுகளையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.