பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். புதுக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. மகள் இப்போது பிளஸ் ஒன். பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். அவளும் தோழிகளும் அதில்தான் போய்வருகிறார்கள். 1990களில் எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய மாவட்டம் இது. போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை.

தொல்லை சாலை விளிம்பில்தான். தார் முடிகிற இடத்தில் மண் ஒரு சாண் பள்ளம். பின்னால் பஸ் ஏர் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் பதறி இறங்குகிறார்கள், சக்கரம் வழுக்குகிறது. "ஓரமாப் போ" என்கிறார்கள் எல்லோரும். எந்த ஓரத்தில் போவது? பிரிட்டனின் சாலை விதிநூல் சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டராவது இடைவெளி விடச் சொல்கிறது. இங்கே ஹேண்டில்பாரை உரசாமல் போனாலே பெரிய மனசு!

விளிம்பில் கிராவல் கொட்டிச் சமப்படுத்த யாரிடம் மனு கொடுப்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து வேலை நடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மனு மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. லாரியில் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மட்கார்டில் மழைக்குத் தாங்குமா?

குழுவில் இருக்கும் டிரைவர் அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி: பிள்ளைகள் ஒற்றை வரிசையில் போனால் உங்களுக்கு வசதியா, இரண்டிரண்டு பேராகப் போனால் தூரத்திலேயே கண்ணில் படுமா? உங்கள் சீட்டில் இருந்து பார்த்துச் சொல்லுங்கள், அப்படியே பழக்கிவிடுகிறோம்.