"குளிக்கிறதும் ரகசியமா அமுச்சி?"

எங்கள் ஊர் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். குழந்தை யாரென்று ஊகிக்கும்படி எதுவும் வெளியே வரக்கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே சொல்கிறது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஏப்ரல் லீவு விட்டால் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே எல்லோரும் மாமா என்று கூப்பிடும் ஒருவர், பிள்ளைகளை மொபெட்டில் வைத்துத் தோப்பைச் சுற்றிக் காட்டுவார். அந்த வருஷம் இவள் மட்டும் "மாமா வண்டில ஏற மாட்டேன்" என்றாள். எங்கேயோ விழுந்திருப்பாள், அந்தப் பயம் என்று நினைத்தேன். "மாமா கோவிச்சுக்குவாரு, போ கண்ணு" என்று நானே தூக்கி உட்கார வைத்தேன். நானேதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் என் அம்மா அவளைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தார். "குளிக்கிறதும் ரகசியமா அமுச்சி? யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா பதறவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ரகசியம்னு யாரு கண்ணு சொன்னது?" என்று மட்டும் கேட்டார். மாமா என்றாள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அவளும் வாயை மூடியிருப்பாள்.

அண்ணன், "உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம், மானம் போயிரும்" என்றான். அதைக் கேட்காமல் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே வேறு கதை. நடந்தது தமிழ்நாட்டில், அங்கேயே போய்க் கொடுங்கள் என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டேன். எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும், பிறகு அவர்களே எல்லை தாண்டி அனுப்புவார்கள், அதற்கு ஜீரோ எஃப்ஐஆர் என்று பெயர் என்று சொன்னார்கள். அந்த இரண்டு வார்த்தையோடு மறுபடி உள்ளே போனேன். எழுதிக்கொண்டார்கள்.

வாக்குமூலம் எடுக்க ஒரு பெண் எஸ்ஐ எங்கள் வீட்டுக்கே வந்தார், சுடிதாரில். குழந்தையிடம் போகும்போது போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாதாம். இவளுக்குத் தமிழ் மட்டும்தான் வரும், அவருக்கு மலையாளம். மொழிபெயர்க்க ஆள் கேட்பது நம் உரிமை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் போன பிறகு, "புது டீச்சராம்மா?" என்று கேட்டாள்.

வழக்கு நடக்கிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

*

மேலே அந்த அம்மா எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் அங்கன்வாடி டீச்சர். 2017ல் எங்கள் மாவட்டத்து வாளையாரில் பாலியல் கொடுமைக்கு ஆளான இரண்டு சிறுமிகள், அக்கா தங்கை, இறந்தபோது எங்கள் சென்டர் அம்மாக்கள் எல்லாம் வெளியூர் ஆட்களைப் பார்த்துத்தான் பயந்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2007ல், மத்திய அரசின் ஆய்வு சொல்லிவிட்டது: தவறாக நடந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்தான். சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று படம் காட்டுகிறோம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கிச்சுக்கிச்சு மூட்டித் தொடங்குகிறவனை நாலு வயதுக் குழந்தை கெட்டவன் என்று நினைக்குமா? "யாராவது அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டால் அதற்குப் பதில் வரும். அந்த அமுச்சி கேட்டதும் அதுதான். அப்புறம், ஒரே விஷயத்தைச் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள். மூன்றாவது தடவை கேட்கும்போதே குழந்தை தான்தான் தப்பு செய்தோம் என்று நினைக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை கேட்டாயிற்றா, நம்பிவிட்டுப் புகார் கொடுங்கள். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு, உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

*

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். எனக்கு ஊர் வேலந்தாவளம். நான் ஆண். ஒன்பது வயதில் அப்பாவிடம் சொன்னேன். "ஆம்பளப் பையனுக்கு என்னடா ஆயிரும்" என்று அடிதான் விழுந்தது. போக்சோவில் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பையனும் குழந்தைதான். அந்தச் சட்டம் வந்தது 2012ல், எனக்கு அப்போது கல்யாணமே ஆகிவிட்டது.

என் மகனுக்கு இப்போது எட்டு. டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று நேற்று அழுதான். கணக்கு வரவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிய பிறகுதான், கணக்குதான் என்று நம்பினேன்.