சிறைவாசிகளின் இடர், தேவை மதிப்பீடு: அனுபவமுள்ளோரின் வழிகாட்டல் தேவை

வணக்கம். விடுதலையாகவிருக்கும் சிறைவாசிகளின் மறுகுற்ற இடரையும் (மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு) மறுவாழ்வுத் தேவைகளையும் மதிப்பிடும் பணியில் புதிதாகச் சேர்ந்துள்ளேன். 1990-இல் உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோக் ஆகியோர் முன்வைத்த, இடருக்கும் தேவைக்கும் ஏற்ப மறுவாழ்வுப் பணியை அமைக்கும் அணுகுமுறையைப் பின்பற்றி, 54 கூறுகள் கொண்ட எல்எஸ்ஐ-ஆர் (LSI-R) என்னும் இடர், தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நேர்காணல் வழியே நிரப்புகிறோம். முந்தைய தண்டனைகள் போன்ற மாறாத காரணிகளை ஆவணங்களே சொல்லிவிடுகின்றன; ஆனால் நட்புவட்டம், போதைப்பழக்கம், குற்றத்தை நியாயப்படுத்தும் மனப்போக்கு போன்ற மாறக்கூடியவற்றில், விடுதலையை மனத்தில் வைத்துப் பேசுபவரின் பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதே என் சிக்கல். (மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரே மதிப்பெண் பெற்ற இருவரின் தேவைகள் முற்றிலும் வேறாக இருக்கலாம்.) குடும்பத்தினரிடமும் சிறைப் பணியாளர்களிடமும் தகவலை எவ்வாறு சரிபார்க்கிறீர்கள்? இரு மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்கள் முரண்பட்டால் யார் முடிவு செய்வது? மறுமதிப்பீட்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் இடைவெளியையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.